குழந்தைக்கு மூக்குச் சளி தொண்டைக்குள்ள இறங்கி ராத்திரியெல்லாம் இருமுதா? ஒவ்வொரு படியா என்ன பண்ணணும்னு சொல்றேன்

பகல்ல நல்லா ஓடியாடுற பிள்ள, படுக்க வச்ச கொஞ்ச நேரத்துல இரும ஆரம்பிச்சு, விடியக்காலையில வெறும் வயித்துல வெள்ளையா கோழையா வாந்தி எடுத்துட்டு, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி "இட்லி குடும்மா"ன்னு கேக்குதுன்னா, பெரும்பாலும் அது நெஞ்சு சளி இல்ல. மூக்குல ஊறுற சளி வெளிய வராம பின்பக்கமா தொண்டைக்குள்ள இறங்குது, டாக்டருங்க இதை போஸ்ட் நேசல் டிரிப்னு சொல்வாங்க. சின்னப் பிள்ளைங்களுக்குக் காறித் துப்பத் தெரியாது, முழுங்கிடும், அதான் காலையில வாந்தி, பசியில்லாம இருக்குறது, அப்பப்ப வயித்து வலி எல்லாம்.

எங்க பெரியவனுக்கு ப்ளே ஸ்கூல் சேர்த்ததுலேந்து வருஷக்கணக்கா இதோட மல்லுக்கட்டியிருக்கோம், சென்னையில இருக்கோம், அதனால கீழ சொல்ற விலையெல்லாம் எங்க பக்கத்து விலை, உங்க ஊர்ல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். நான் டாக்டர் இல்ல. மருந்து அளவு எதுவும் இங்க எழுதல, அதை குழந்தையோட எடையைப் பார்த்து அவங்கதான் சொல்லணும்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். சளி இறங்குறதுங்கறது ஒரு அறிகுறிதான். பின்னாடி சாதாரண ஜலதோஷம் இருக்கலாம், தூசி அலர்ஜி இருக்கலாம், மூக்குக்குப் பின்னாடி இருக்கற அடினாய்டுங்கற சதை வீங்கி இருக்கலாம், சைனஸ்ல, அதாவது மூக்கைச் சுத்தி எலும்புக்குள்ள இருக்கற காத்து அறையில, கிருமி புகுந்திருக்கலாம். எதுன்னு தெரியாம சிரப் மாத்தி சிரப் குடுத்துக்கிட்டே இருந்தா ஃப்ரிட்ஜ் கதவுல பாட்டில்தான் சேரும்.

1. இது அவசரமா இல்லையான்னு மொதல்ல பாருங்க

குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிட்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. 2 மாசத்துலேந்து 1 வயசு வரைக்கும் நிமிஷத்துக்கு 50, 1 வயசுலேந்து 5 வயசு வரைக்கும் 40, இதுவோ இதுக்கு மேலயோ வந்தா வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழ குழி விழுந்து விழுந்து ஏறுது, உதடு நீலமாகுது, பால் குடிக்கவே முடியல, எச்சிலை முழுங்க முடியாம வழியுதுன்னா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி, வண்டி இல்லன்னா 108. 3 மாசத்துக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு ஜுரம் அடிச்சாலும் அதேதான்.

இன்னும் மூணு விஷயம், நிறைய பேர் கோட்டை விடுறது. ஒரே ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தமா சளி வந்தா உள்ள பட்டாணியோ பாசிமணியோ மாட்டியிருக்கலாம். வாட்ச்ல போடுற பட்டன் பேட்டரியா இருந்தா மூக்கையே அரிச்சுடும், நீங்களே நோண்டாம உடனே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஓடுங்க. கடலை, மிக்சர் தின்னும்போது புரையேறி அதுலேந்து இருமல் ஆரம்பிச்சு நிக்கவே இல்லன்னா அது மூச்சுக்குழாய் சமாச்சாரம், சளின்னு நினைச்சு காத்திருக்காதீங்க. சளியோட ஜுரமும் ஒரு கண்ணைச் சுத்தி வீக்கமும் சேர்ந்து வந்தா அன்னிக்கே காட்டணும்.

2. ஒரு பழைய நோட்டு, போன்ல ரெண்டு வீடியோ

செலவே இல்லாத படி இது, ஆனா எங்களுக்கு எல்லா டெஸ்ட்டையும் விட இதான் உதவுச்சு. தேதி போட்டு ஒரு வரி எழுதுங்க: எப்போ இருமல் அதிகம், சளி தண்ணியா கெட்டியா, ஜுரம் எத்தனை டிகிரி, என்ன மருந்து எத்தனை நாள் குடுத்தீங்க. சும்மா "அடிக்கடி சளி பிடிக்குது டாக்டர்"னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, ஏன்னா ப்ளே ஸ்கூல் போற பிள்ளைக்கு வருஷத்துக்கு 6லேந்து 8 தடவை ஜலதோஷம் வர்றது சாதாரணம், ஒவ்வொரு தடவையும் இருமல் ரெண்டு மூணு வாரம் இழுக்கும், ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வந்துடும், நமக்கு வருஷம் பூரா ஒரே சளி மாதிரி தெரியும்.

நோட்டைப் பார்த்தா ஓரளவு பிடிபடும். நடுவுல சில நாளாவது சுத்தமா நல்லா இருக்கான், அப்புறம் திரும்ப வருதுன்னா ஸ்கூல்ல ஒட்டிக்கிட்டு வர்ற வைரஸ். ஜுரமே இல்ல, காலையில எழுந்ததும் அடுக்குத் தும்மல், உள்ளங்கையால மூக்கை மேல் பக்கமா தேய்க்கிறான், கண் அரிப்பு, கண்ணுக்குக் கீழ கருப்புன்னா அலர்ஜி. வாயைத் திறந்துக்கிட்டே தூங்குறான், சளி இல்லாத நாள்லயும் குறட்டை, டிவி சவுண்ட கூட்டச் சொல்றான்னா அடினாய்டு, அந்த சதை வீங்கினா காதுக்குள்ள நீர் கோத்து காது மந்தமாகும். 10 நாள் தாண்டியும் கொஞ்சம்கூட குறையல, இல்ல குறைஞ்சு வந்தது திடீர்னு ஜுரத்தோட ஏறுது, இல்ல 102க்கு மேல ஜுரமும் கெட்டி சளியும் மூணு நாலு நாள் விடாம சேர்ந்தே இருக்குன்னா சைனஸா இருக்கலாம். பச்சைக் கலரைப் பார்த்து மட்டும் பயப்படாதீங்க, சாதாரண ஜலதோஷத்துலயே மூணாம் நாள் நாலாம் நாள் சளி மஞ்சளும் பச்சையுமா மாறும்.

வீடியோ ரெண்டு: ஒண்ணு தூங்கும்போது குறட்டையும் மூச்சும் தெரியற மாதிரி, முகமும் நெஞ்சும் ஃப்ரேம்ல இருக்கணும். இன்னொண்ணு இருமல் சத்தம். டாக்டர் ரூமுக்குள்ள போனா எந்தப் பிள்ளையும் இருமாது, அது ஒரு விதி போல.

3. மூக்கைக் கழுவுறது

இதுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கோங்க. காரணம் எதுவா இருந்தாலும் இது வேலை செய்யும், பக்க விளைவுன்னு பெருசா இல்ல, விலையும் 100 ரூபாய்க்குள்ள.

கடையில வாங்கும்போது பாட்டில் பின்னாடி இருக்கற பொடி எழுத்தைப் படிங்க. சோடியம் குளோரைடு 0.65 சதவீதம்னு மட்டும் இருக்கணும், அதான் உப்புத் தண்ணி, சலைன். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின்னு இருந்தா அது மூக்கடைப்பு மருந்து, வேற. கடைக்காரர்கிட்ட "மூக்கு சொட்டு மருந்து"ன்னு பொதுவா கேட்டா எதை வேணா எடுத்துக் குடுப்பாங்க, பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த ரெண்டாவது வகையை சில நாளுக்கு மேல விட்டா மருந்து நிறுத்தினதும் முன்ன விட மோசமா அடைச்சுக்கும், கைக்குழந்தைக்கு அளவு கூடினா மூச்சே மந்தமாகும். டாக்டர் எழுதாம வேணாம்.

கைக்குழந்தைன்னா பால் குடுக்கறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி விடுங்க, குடிச்ச உடனே விட்டா எல்லாத்தையும் கக்கிடும். மடியில மல்லாக்க படுக்க வச்சு, தோளுக்குக் கீழ துண்டை மடிச்சு வச்சு, ஒவ்வொரு மூக்குக்கும் ரெண்டு சொட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து உறிஞ்சுற பல்பால எடுங்க. பல்பை அமுக்கிட்டுத்தான் மூக்குல வைக்கணும், வச்சப்புறம் அமுக்கினா சளி உள்ள போயிடும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவைக்கு மேல உறிஞ்சாதீங்க, உள்பக்கம் புண்ணாகி வீங்கிக்கும். முடிஞ்சதும் வெந்நீர்ல கழுவி கவுத்து காய வைங்க.

ரெண்டு மூணு வயசுப் பிள்ளைதான் கஷ்டம், கையும் காலும் எட்டாயிடும். எங்க வீட்ல எடுபட்டது இது: நான் தரையில கால் நீட்டி உக்காந்து, அவன் தலையை என் ரெண்டு தொடைக்கும் நடுவுல வச்சு, கையை என் காலுக்கடியில இறுக்காம வச்சுப்பேன், பாட்டிலை முன்னாடியே உள்ளங்கையில வச்சு சில்லுனு இல்லாம பண்ணிப்பேன், அவனையே அஞ்சு வரைக்கும் எண்ணச் சொல்லுவேன், எண்ணி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பக்கமும் முடிஞ்சிருக்கும். மொத வாரம் ஊரே கேக்குற மாதிரி அழுவான். அப்புறம் அவனே பாட்டிலை எடுத்துக்கிட்டு வருவான். அழும்போது மட்டும் விடாதீங்க, புரையேறும், ஒரு நிமிஷம் விட்டுப் பிடிங்க.

அஞ்சு வயசு கிட்ட வந்து சொன்னபடி கேக்குற பிள்ளைன்னா அமுக்குற பாட்டில்ல முழுசா கழுவலாம், ஆனா மொத தடவை டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ காட்டிட்டு ஆரம்பிங்க. வாஷ்பேசின் மேல குனிஞ்சு, வாயைத் திறந்து "ஆ"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும், மெதுவா அமுக்கணும். காது வலி இருக்கற நாள்ல வேணாம். படுக்கப் போற நேரத்துல பண்ணாதீங்க, ஒரு மணி நேரம் முன்னாடியே முடிச்சுடுங்க, மிச்சத் தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருக்கும். பொடிப் பாக்கெட்டா கடையில கிடைக்குது, வீட்டு உப்பை குத்துமதிப்பா போட்டு கலக்கறதை விட அது மேல். தண்ணி கட்டாயம் கொதிக்க வச்சு ஆறினதா இருக்கணும். குழாய்த் தண்ணி, போர் தண்ணி, கேன் தண்ணி எதுவும் நேரா மூக்குக்குள்ள போகக்கூடாது. கேரளாவுல 2024ல குளத்துல குளிச்ச பிள்ளைங்களுக்கு மூக்கு வழியா அமீபா ஏறி மூளைக் காய்ச்சல் வந்து உயிரே போச்சே, அந்த வகை கிருமி குடிக்கிற தண்ணியில வயித்துக்குப் போனா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியா போனாத்தான் ஆபத்து.

சொட்டு பாட்டிலை அண்ணன் தம்பிக்குள்ள மாத்தி மாத்தி விடாதீங்க. திறந்த தேதியை பேனாவால அதுலயே எழுதிடுங்க, ஒரு மாசம் ஆனா தூக்கிப் போட்டுட்டு புதுசு.

4. வீட்டு வைத்தியம், பெரியவங்களோட பஞ்சாயத்து

இங்கதான் மருந்தை விட பேச்சு அதிகம் வேணும். "ரெண்டு சொட்டு தேங்காண்ணெய மூக்குல விடும்மா, எல்லாம் இளகி வந்துடும், உன் புருஷனுக்கு நான் விடாததா"ன்னு எங்க அத்தை சொன்னாங்க. டாக்டர் முன்னாடி அவங்களையே கேக்க வச்சேன். எண்ணெய் நுரையீரலுக்குப் போனா அங்கேயே தங்கி ஒரு மாதிரி நிமோனியா வரும்னு டாக்டர் சொன்னதும் அதோட நிறுத்திட்டாங்க, நான் சொல்லியிருந்தா நடந்திருக்காது.

வேண்டவே வேண்டாதது இன்னும் சில: சூடான எண்ணெய்ல கற்பூரம் போட்டு நெஞ்சுல தேய்க்கிறது (கற்பூரம் சின்னக் குழந்தை உடம்புக்குள்ள போனா வலிப்பு வரும்), 2 வயசுக்குள்ள விக்ஸ், குளிப்பாட்டினதும் சாம்பிராணி புகை, ராத்திரி மூடின ரூம்ல கொசுவர்த்தி. ஆவி பிடிக்கிறது பெரியவங்களுக்கு சுகமா இருக்கும், பிள்ளைங்க மேல கொதிதண்ணி கவுந்து வெந்து போற ஆபத்து இருக்கு, விட்டுடுங்க.

பண்ணலாம்: 1 வயசு தாண்டின பிள்ளைக்கு படுக்கறதுக்கு முன்னாடி அரை ஸ்பூன் தேன், இருமலுக்கு நிஜமாவே நல்லா கேக்குது. 1 வயசுக்குள்ள தேன் ஒரு சொட்டுகூட கூடாது, நாக்குல தடவறதும் கூடாது. ரசம், வெதுவெதுப்பான தண்ணி, கஞ்சி எல்லாம் தாராளமா. வாழைப்பழம், தயிர், பால் நிறுத்தினா சளி நிக்கும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, ஏற்கனவே சாப்பிடாத பிள்ளைக்கு அதையும் பிடுங்காதீங்க. படுத்துக்கிட்டே பாட்டில்ல பால் குடிச்சு அப்படியே தூங்குற பழக்கம் மட்டும் மாத்துங்க, மேல எதுக்களிச்சு இருமலைக் கூட்டும்.

5. மெடிக்கல் ஷாப்ல மாட்டிக்காதீங்க

சளி இருமல் சிரப்: 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருமல் மருந்து குடிச்ச குழந்தைங்க கிட்னி கெட்டு இறந்தது ஞாபகம் இருக்கும், அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷம் கலந்திருந்துச்சு, அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. அப்போ மத்திய சுகாதாரத் துறை சொன்னது: 2 வயசுக்குக் கீழ சளி இருமல் மருந்து எழுதவோ குடுக்கவோ கூடாது, 5 வயசுக்குக் கீழ பொதுவா வேண்டியதில்ல. அதுக்கு முன்னாடி 2023லயே குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த சிரப் 4 வயசுக்குக் கீழ கூடாதுன்னு லேபிள்ல போடச் சொல்லிட்டாங்க. விஷம் இல்லாத நல்ல சிரப்பே ஆனாலும் சளியைக் காய வச்சு பிள்ளையைத் தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக்: போன தடவை எழுதின சீட்டைக் காட்டி திரும்ப வாங்காதீங்க. வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது. டாக்டரே எழுதினா எதுக்குன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பில்ல. பொடியில தண்ணி ஊத்திக் கலக்குற வகைன்னா ஆறின கொதிநீரை கோடு வரைக்கும் ஊத்தி, கலக்கின தேதி எழுதி, எத்தனை நாள் வச்சுக்கலாம்னு லேபிள்ல பாருங்க, நிறைய மருந்து ஒரு வாரம்தான்.

மாண்டெலுகாஸ்ட் கலந்த சிரப்: நம்ம ஊர்ல அலர்ஜின்னாலே இதைத்தான் எழுதறாங்க. சில பிள்ளைங்களுக்கு இதுல கெட்ட கனவு, காரணமே இல்லாத கோபம், அழுகைன்னு வரும், அமெரிக்காவுல 2020ல பெரிய கட்டம் போட்ட எச்சரிக்கையே குடுத்துட்டாங்க. பிள்ளை குணம் திடீர்னு மாறினா டாக்டருக்கு போன் பண்ணுங்க.

நெபுலைசர்: 1,500லேந்து 2,500 ரூபாய். வீசிங் இருக்கற பிள்ளைக்கு டாக்டர் சொன்னா வாங்குங்க, மூக்குலேந்து இறங்குற சளிக்கு அது எதுவும் பண்ணாது. எதிர்வீட்ல இருக்குன்னு வாங்கி வச்சு அலமாரியில தூங்குற வீடு ஏகப்பட்டது.

6. படுக்கையும் ஃபேனும்

நோட்டைப் பார்த்து அலர்ஜின்னு சந்தேகம் வந்தா மட்டும் இதுல பணம் போடுங்க. சென்னை மாதிரி ஈரப்பதம் அதிகம் இருக்கற ஊர்ல மெத்தையில இருக்கற கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் பெரிய காரணம். போர்வை, தலகாணி உறையை வாரம் ஒரு தடவை 60 டிகிரி சுடுதண்ணியில துவைங்க, வாஷிங் மெஷின்ல அந்த செட்டிங் இருக்கும். பழைய இலவம்பஞ்சு தலகாணியும் பஞ்சு பொம்மையும் கட்டிலை விட்டு வெளிய போகணும். ஃபேன் றெக்கையை பிள்ளை ஸ்கூல்ல இருக்கும்போது ஈரத்துணியால துடைங்க, ஏசி ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்க. பூச்சி புகாத மெத்தை உறை 1,000 ரூபாய் கிட்ட ஆரம்பிக்குது, அது கடைசியா வாங்கலாம். வீட்ல யாராவது பால்கனியில நின்னு சிகரெட் பிடிச்சாலும் சட்டையில ஒட்டி வரும், சொல்லிடுங்க.

7. எந்த டாக்டர், எப்போ, எவ்வளவு

மொதல்ல உங்க வழக்கமான குழந்தை டாக்டர், 300லேந்து 800 ரூபாய். ஒவ்வொரு தடவையும் வேற வேற கிளினிக் போகாதீங்க, யாருக்குமே முழுக்கதை தெரியாம ஆளுக்கொரு சிரப் எழுதுவாங்க. நோட்டு, பழைய சீட்டு, தடுப்பூசி அட்டை, இப்ப குடுக்கற மருந்து பாட்டிலோட போட்டோ எடுத்துட்டுப் போங்க. 4 வாரத்துக்கு மேல தினமும் இருமல் இருந்தாலோ, எடை குறைஞ்சாலோ, வீட்ல யாருக்காவது டிபி இருந்தாலோ அதை மொத வரியிலயே சொல்லுங்க.

குறட்டை, வாய் மூச்சு, காது பிரச்சினைன்னா காது மூக்கு தொண்டை டாக்டர். கழுத்துப் பக்கவாட்டு எக்ஸ்ரே 300லேந்து 600, மூக்குக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கறது 1,000லேந்து 2,500 வரைக்கும். சைனஸுக்குன்னு மூஞ்சி எக்ஸ்ரே சின்னப் பிள்ளைக்கு எடுக்கச் சொன்னா தேவையான்னு ஒரு தடவை கேளுங்க, சாதாரண ஜலதோஷத்துலயே அது மங்கலாத்தான் தெரியும். அலர்ஜி டெஸ்ட்னு சொல்லி ரத்தத்துல மொத்த ஐஜிஇ (அலர்ஜி இருந்தா ஏறுற ஒரு புரதம்) மட்டும் பார்த்தா பிரயோஜனம் குறைவு, வயித்துப் பூச்சி இருந்தாலே அது ஏறும். தோல்ல குத்திப் பார்க்குற டெஸ்ட்னா ஒரு வாரம் முன்னாடியே அலர்ஜி மருந்தை நிறுத்தணும், அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுக்கோங்க, இல்லன்னா போயிட்டு சும்மா திரும்பணும்.

காசு கஷ்டம்னா எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி, இலவசம், நல்லாவே பார்க்கறாங்க. வெளி நோயாளி பிரிவு காலையிலதான், சீக்கிரம் போய் சீட்டு போட்டுடுங்க, பிள்ளைக்கு சாப்பாடு, தண்ணி, மாத்து டிரஸ் எடுத்துட்டுப் போங்க.

8. மூக்கு ஸ்ப்ரே எழுதினா

அலர்ஜிக்கும் அடினாய்டுக்கும் எழுதுற ஸ்ப்ரேயை ஸ்டீராய்டுன்னு பயந்து நிறைய பேர் வாங்கிட்டு அப்படியே வச்சுடறாங்க. மூக்குல போடுறது ரத்தத்துக்குப் போறது ரொம்பக் குறைவு, மொமெட்டாசோன் மாதிரி சிலது 2 வயசுலேந்தே குடுக்கலாம், டாக்டர் அப்பப்ப உயரம் மட்டும் அளந்து பாப்பாங்க. விலை 300லேந்து 500க்குள்ள. மொத நாளே கேக்கலன்னு நிறுத்தாதீங்க, முழுசா தெரிய ரெண்டு வாரம் ஆகும்.

அடிக்கிற முறை முக்கியம். மொத சலைன் விட்டு சிந்த வைங்க, பத்து நிமிஷம் கழிச்சு ஸ்ப்ரேயைக் குலுக்கி, தலையை லேசா முன்னாடி குனிய வச்சு, மூக்கு நடுத்தண்டைப் பார்த்து அடிக்காம காது பக்கமா சாய்ச்சு அடிங்க. நடுத்தண்டுல பட்டுக்கிட்டே இருந்தா ரத்தம் கசியும். அடிச்சதும் பலமா உறிஞ்சக் கூடாது, தொண்டைக்குப் போயிடும்.

9. அடினாய்டு ஆபரேஷன்னு சொன்னா காகிதத்தை மொதல்ல பாருங்க

நிறைய பிள்ளைங்களுக்கு வளர வளர அடினாய்டு தானா சுருங்கிடும், அதனால சில வாரம் ஸ்ப்ரே போட்டுப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது, காதுல நீர் வத்தவே இல்லன்னா தள்ளிப் போடாதீங்க. தனியார்ல ஏறக்குறைய 40,000லேந்து லட்சம் வரைக்கும் ஆகும், எந்த முறையில பண்றாங்கங்கறதைப் பொறுத்து மாறும், மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்க.

தனியார் இன்சூரன்ஸ் இருந்தா பாலிசியில காத்திருப்புக் காலம்னு இருக்கற பக்கத்தைப் பாருங்க. அடினாய்டு, டான்சில், சைனஸ் ஆபரேஷன் எல்லாம் பல பாலிசியில 24 மாசம் கழிச்சுத்தான். பிள்ளை பேரு பாலிசியில சேர்த்திருக்கான்னும் பாருங்க. டாக்டர் சீட்டுல எத்தனை மாசமா பிரச்சினைன்னு எழுதினது சரியான்னு அங்கேயே படிச்சுடுங்க, தப்பா இருந்தா அங்கேயே திருத்தி வாங்குங்க, பின்னாடி கம்பெனிக்காரன் அதைத்தான் பிடிச்சுப்பான். செலவை ஏத்துக்கறோம்னு கம்பெனி ஆபரேஷனுக்கு முன்னாடியே குடுக்கற முன் அனுமதிக்கு மூணு நாலு நாள் முன்னாடியே சீட்டு, எக்ஸ்ரே, கேமரா ரிப்போர்ட் எல்லாம் ஆஸ்பத்திரி கவுண்டர்ல குடுத்துடணும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்னா வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்குப் போங்க. பலரும் தடுக்கி விழற இடம், பிள்ளை பேரு ரேஷன் கார்டுல இல்லாம இருக்கறது, பிறப்புச் சான்றிதழ் வச்சு அதை இப்பவே சேர்த்துடுங்க, ஆபரேஷன் தேதி குறிச்சப்புறம் அலைஞ்சா முடியாது. உங்க கேஸ் அந்தத் திட்டத்துல வருமான்னு ஆஸ்பத்திரியில இருக்கற காப்பீட்டு கவுண்டர்லயே கேட்டுட்டு அட்மிட் ஆகுங்க.

தேதி வாங்கும்போது ஸ்கூல் பரீட்சையை விட்டு ஒரு வாரம் லீவு கிடைக்கிற மாதிரி பாருங்க. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஜுரமோ புது சளியோ வந்தா மறைக்காம போன் பண்ணி சொல்லிடுங்க, மயக்க மருந்து குடுக்க முடியாது, தேதி தள்ளிப் போடுவாங்க, அப்படித் தள்ளினா இன்சூரன்ஸ் முன் அனுமதியையும் புதுசா வாங்கணுமான்னு அதே போன்லயே கேட்டுக்கோங்க.